மிச்சம் நாற்பத்தொரு சதுர அடி

முப்பத்தோர் ஆண்டு இல்லறத்தில் கணக்கு வாத்தியார் உறுதியான தீர்மானம் என்று எடுத்தவை மூன்றே மூன்று. முதலிரண்டும் அன்றன்று மாலைக்குள் திரும்பப் பெறப்பட்டன. மூன்றாவதைப் பல் துலக்கும்போது எடுத்தார். வாய் நிறைய நுரை இருந்தபடியால் உடனே அறிவிக்க இயலவில்லை. அந்தத் தாமதத்திலேயே அதற்கு ஒரு வலு வந்துவிட்டது போலும். சமையலறை வரையில் தளராமல் வந்து சேர்ந்தது.

"மாடி அறை எனக்கு," என்றார்.

அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி திரும்பவில்லை.

"எதுக்கு?"

"எழுத."

"என்னத்தை?"

"புத்தகம். தொகை நுண்கணிதம். பிள்ளைங்க பயப்படாம படிக்கிற மாதிரி."

"பிள்ளைங்க பயப்படுறது கணக்கைப் பார்த்தா, உங்களைப் பார்த்தா?"

மாடி அறை அவர்களுடைய ஒரே மகளுடையது. வேறு ஊரில் வேலை கிடைத்து, சென்ற மாதம் பெட்டி படுக்கையோடு அவள் புறப்பட்டுப் போனாள். மறுநாளே அந்த அறையின் மீது இரண்டு பேருடைய கண்ணும் விழுந்துவிட்டது. வாத்தியார் அதுவரை சாப்பாட்டு மேசையில்தான் எழுதிவந்தார். முதல் அத்தியாயத்தின் நான்காம் பக்கத்தில் எண்ணெய்க் கறை. ஐந்தாம் பக்கத்தில் அதன் நிழல். ஓய்வு பெற இன்னும் இரண்டே ஆண்டுகள் இருந்தன. அதற்குள் புத்தகம் முடியவில்லையென்றால் பிறகு தம்மை யார் கணக்கு வாத்தியார் என்று மதிப்பார்கள் என்பது அவருடைய உள்மனக் கவலை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மனைவி தையற்காரி. தெருவில் பாதிப் பேருடைய தோள் அளவும் இடுப்பளவும் சன்னல் அளவும் அவளுக்கு மனப்பாடம். அவளுடைய தையல் இயந்திரம் படுக்கையறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே செருகப்பட்டிருந்தது. பீரோவைத் திறக்க வேண்டுமானால் அவள் எழுந்து கட்டில் மேல் ஏறி நிற்க வேண்டும்.

"அந்த ரூம் வேணும்னு நான் போன வாரமே கேட்டேன். நீங்க 'ம்'னீங்க," என்றாள்.

"அப்போ நான் விடைத்தாள் திருத்திட்டிருந்தேன். அந்த 'ம்' அந்தப் பையனோட விடைக்கு."

"சரி விடுங்க. பாதி உங்களுக்கு, பாதி எனக்கு."

"பாதியா? அறிவுக்கும் ஊசிக்கும் சரிபாதியா?"

இந்த வாக்கியம் வாயை விட்டுப் புறப்பட்ட அக்கணமே அதைப் பிடித்துத் திரும்ப உள்ளே போட்டுக்கொள்ள வாத்தியார் விரும்பினார். கைக்கு எட்டவில்லை. மனைவி அடுப்பை அணைத்தாள். அதன்பின் இரண்டு நாள் அவ்வீட்டில் பாத்திரங்கள் மட்டுமே பேசின.

மூன்றாம் நாள் மனைவியின் தம்பி வந்தான். தச்சன். ஒரு விடுதியின் வரவேற்பறையைப் புதுப்பித்தபோது அங்கே கழித்துப் போட்ட கம்பளத்தைத் தோளில் சுமந்துகொண்டு மாடியேறினான். கம்பளம் விரிந்தது. அழகிய நீள்வட்டம். பதினாறடி நீளம், பன்னிரண்டடி அகலம். அறையும் மிகச் சரியாக அதே அளவு. கம்பளத்தின் ஓரம் நான்கு சுவர்களின் நடுவிடத்தையும் மெல்லத் தொட்டுக்கொண்டு நின்றது.

"அளந்து தச்ச மாதிரி இருக்கே!" என்று வியந்தார் வாத்தியார்.

"அளந்து தச்சதுதான் அத்தான். பெரிசா இருந்துச்சு. அக்காதான் சுத்தி நறுக்கி ஓரம் அடிச்சாங்க," என்றான் மைத்துனன்.

இந்த இடத்தில் வாத்தியாருக்கு ஐயம் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இரண்டு நாளாகப் பேசாதிருந்த மனைவி தம்மிடம் வாய் திறக்கப்போகிறாள் என்னும் மகிழ்ச்சி அவர் கண்ணை மறைத்தது.

"இங்க பாருங்க. சண்டை வேண்டாம். இந்த முட்டைக்குள்ள எவ்வளவு இடமோ அவ்வளவும் உங்களுக்கு. வெளியே மிஞ்சுறது எனக்கு," என்றாள் மனைவி.

"முட்டை இல்லை! முட்டைக்கு ஒரு பக்கம் கூரு, ஒரு பக்கம் மொண்ணை. இது நீள்வட்டம். நெட்டச்சு பதினாறு, குற்றச்சு பன்னிரண்டு."

"சரிங்க, நீள்வட்டம். அது பாதிக்கு மேல வருமா, கீழே வருமான்னு எனக்கெங்க தெரியும்? நீங்க கணக்குப் போட்டுப் பாருங்க. உங்களால முடிஞ்சா."

முடிஞ்சா!

ஒரு கணக்கு வாத்தியாரிடம் சொல்லக்கூடாத சொல் அகராதியில் ஒன்றே ஒன்று உண்டென்றால் அது இதுதான். சூத்திரத்தைப் போட்டிருந்தால் அரை நிமிடத்தில் விடை வந்திருக்கும். ஆனால் நிறுவாத சூத்திரத்தை அவர் தொடமாட்டார். அடுத்த வீட்டுக் குடையைக் கேட்காமல் எடுத்துப்போவதற்கு ஒப்பான செயல் அது என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி வருபவர். பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டுக் கம்பளத்தின் நடுவே சம்மணமிட்டு அமர்ந்தார்.

"இப்போ இந்தக் கம்பளத்தை மெல்லிசு மெல்லிசான பட்டையா கிழிக்கிறேன்..."

"ஐயோ, கிழிக்காதீங்க! நேத்துதான் ஓரம் அடிச்சேன்."

"மனசுக்குள்ள கிழிக்கிறேன்!"

"மனசுக்குள்ளயும் பார்த்துக் கிழிங்க."

நீள்வட்டம் இரண்டு அச்சுகளுக்கும் சமச்சீரானது. ஆகவே கால் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டார். மையத்தில் பூச்சியம், சுவரோரத்தில் எட்டு, இவை எல்லைகள். ஒவ்வொரு பட்டையின் உயரமும் எட்டில் ஆறு பங்கு, பெருக்கல் அறுபத்து நான்கு கழித்தல் எக்ஸ் வர்க்கத்தின் மூலம். எக்ஸ் இருந்த இடத்தில் எட்டு சைன் தீட்டாவைப் பதிலிட்டார். வர்க்கமூலம் கழன்று விழுந்தது. காஸ் வர்க்கம் தலை காட்டியது. அதனை இரட்டைக் கோணமாக்கினார். நடுவில் ஒரு குறி தவறியது, முதலிலிருந்து தொடங்கினார். தேநீர் வந்தது, ஆறியது, போனது. மீண்டும் வந்தது, மீண்டும் ஆறியது. ஒன்றரை மணி நேரம் கழித்து விடை கிடைத்தது: பன்னிரண்டு பை. அதாவது முப்பத்தேழு புள்ளி ஏழு சதுர அடி.

வாத்தியார் எழுந்து நின்றார். மூக்குக்கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்தது.

"முப்பத்தேழா! நூத்துத் தொண்ணூத்திரண்டு சதுர அடி அறையில எனக்கு முப்பத்தேழா! நினைச்சேன்! அக்காவும் தம்பியுமா சேர்ந்து பட்டப்பகல்ல..."

மனைவி கதவருகில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பிரிச்சீங்களா?" என்றாள்.

"எதை?"

"நானும் வட்டமா துணி வெட்டணும்னா நாலா மடிச்சுக்கிட்டு ஒரு பக்கம்தான் கோடு போடுவேன். ஆனா வெட்டினப்புறம் பிரிச்சுப் பார்ப்பேன்."

தச்சன் சன்னல் வழியே வானத்தைப் பார்த்தான்.

"அதான் அடுத்த படி. நீ குறுக்கே பேசிட்டே," என்றார் வாத்தியார்.

நான்கால் பெருக்கினார். நாற்பத்தெட்டு பை. நூற்றைம்பது சதுர அடியும் முக்கால் அடிக்கு மேலும்! மனைவிக்கு மிச்சம் நாற்பத்தொன்று, சில்லறை. அதுவும் நான்கு மூலைகளில் நான்கு கிழிசல்களாக. நூற்றுக்கு எழுபத்தெட்டரைப் பங்கு தமக்கு! முகம் மலர்வதை அடக்க வாத்தியார் படாத பாடு பட்டார். மலர்ந்த முகத்தோடு ஒரு பெண்ணை ஏமாற்றுவது முறையன்று என்று அவர் கருதியதால், கொஞ்சம் இருமிக்கொண்டார்.

"ஏம்மா, நல்லா யோசிச்சுக்கோ. உனக்கு நாற்பத்தொண்ணுதான் வருது. மூலைக்குப் பத்து அடி. அப்புறம் வந்து கண்ணைக் கசக்கக் கூடாது."

"என்ன செய்ய? வாய் விட்டுச் சொல்லிட்டேன். நீங்க கணக்குல தப்புப் பண்ணுவீங்களா?"

அவர் உருகிப்போனார். உருகினாலும் எழுத்தில் வாங்க மறக்கவில்லை. கோடு போட்ட தாளில் அழகிய கையெழுத்தில் ஒப்பந்தம் எழுதினார். கம்பளத்தின் மேல் உள்ளவை யாவும் கணவருக்கு. கம்பளத்துக்கு வெளியே உள்ளவை யாவும் மனைவிக்கு. ஒருவர் இடத்தில் மற்றவர் பொருளை வைத்தல் கூடாது. ஒருவர் இடத்தில் மற்றவர் அனுமதியின்றிக் காலூன்றுதலும் கூடாது. கடைசி இரண்டு விதிகளும் நூல் துணுக்குகளும் வெட்டுத் துண்டுகளும் தம் கம்பளத்தில் விழாதிருக்க அவராகவே சேர்த்தவை. மனைவி ஒரு சொல்லும் மாற்றக் கேட்கவில்லை. கையெழுத்திட்டாள். படி ஒன்றை வாங்கி மடித்து அளவு நாடாவோடு சேர்த்துச் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் நான்கு புத்தக அலமாரிகளைக் கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் ஏழடி உயரம், மூன்றடி அகலம். வாத்தியார் படியேறும்போதே கட்டளையிடத் தொடங்கினார். அறைக்குள் நுழைந்ததும் கட்டளை பாதியில் அறுந்தது.

மனைவி அதற்குள் குடியேறியிருந்தாள். சன்னலோர மூலையில் தையல் இயந்திரம். மேசையின் நீளம் முப்பத்து நான்கு அங்குலம். சுவரோடு ஒட்டி, ஒரு நூலிழையும் கம்பளத்தில் படாமல் உட்கார்ந்திருந்தது. இரண்டாம் மூலையில் துணி அடுக்கு. மூன்றாம் மூலையில் இஸ்திரி மேசை. நான்காம் மூலையில் கதவு. கதவை ஒட்டி விளக்கின் சுவிட்சுகள். அவற்றின் பக்கத்தில் ஓர் ஆளுயரக் கண்ணாடி.

"அலமாரியை எந்தச் சுவர்ல சாத்தட்டும் அத்தான்?"

"நீளச் சுவர். நடுவுல."

மைத்துனன் சாத்தினான். மனைவி அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்து குனிந்தாள்.

"ரெண்டு முனையும் ஒண்ணே கால் அங்குலம் என் இடத்துல இருக்கு."

"ஒண்ணே கால் அங்குலம்!" வாத்தியார் கத்தினார். "ஒரு விரல் அகலத்துக்கா நீ..."

"நான் இல்லைங்க. நீங்க எழுதினது. அங்குலத்துக்கு விலக்குன்னு அதுல இருக்கா?"

"குட்டைச் சுவர்ல வையுடா!"

அங்கே மூன்று அங்குலம் வெளியே வந்தது. வளைவு அங்கே இன்னும் கூர்மை என்பதை எல்லோரையும் விட நன்றாக அறிந்தவர் வாத்தியார்தான். அறிந்தது அந்நேரத்தில் எரிச்சலை இரட்டிப்பாக்கியது.

"என் கம்பளம் நாலு இடத்துல சுவரைத் தொடுதே! அந்த இடம் எனக்கில்லையா?"

"தொடுற இடம் வெறும் புள்ளி அத்தான்," என்றான் மைத்துனன் பணிவோடு. "புள்ளிக்கு நீளமும் கிடையாது, அகலமும் கிடையாதுன்னு சின்ன வயசுல நீங்கதான் எனக்கு அடிஸ்கேலால சொல்லிக் குடுத்தீங்க."

"அப்போ கொஞ்சம் முன்னால தள்ளி வை!"

"வைக்கலாம். ஆனா ஏழடி அலமாரி. சுவத்துல பிடிச்சு ஆணி அடிக்கலைன்னா கம்பளத்து மேல நிக்காது. நீங்க ஒரு புத்தகத்தை இழுத்தீங்கன்னா மீதிப் புத்தகமெல்லாம் தானா வந்துடும்."

"அப்போ ஆணி அடி!"

"எங்க அடிக்கிறது?" என்றாள் மனைவி. "சுவர் கம்பளத்துக்கு வெளியே இல்ல இருக்கு?"

வாத்தியார் நான்கு சுவர்களையும் பார்த்தார். அந்த வினாடியில்தான் முழு உண்மையும் அவர் தலையில் இறங்கியது. நூற்றைம்பது சதுர அடி தரை அவருக்கு. சுவர் ஓர் அங்குலம்கூட இல்லை. சுவர் இல்லாதவனுக்கு அலமாரி இல்லை. அலமாரி இல்லாதவனுக்கு அறை எதற்கு? நடு மைதானத்தில் நாற்காலி போட்டுப் புத்தகத்தை மடியில் அடுக்கிக்கொண்டா எழுதுவது?

"விளக்கு என் தலைக்கு மேல தொங்குது! சுவிட்ச் உன் மூலையில!"

"வேணுங்கிறப்போ சொல்லுங்க, நான் போட்டு விடுறேன்," என்று அன்போடு சொல்லிவிட்டு மனைவி இயந்திரத்தின் முன் அமர்ந்தாள்.

அமர்ந்தாள்! வாத்தியாரின் கண்கள் ஒளிர்ந்தன.

"நில்லு! உன் ஸ்டூல் எங்க இருக்கு?"

மனைவி கீழே பார்த்தாள். ஸ்டூலின் நான்கு கால்களும் கம்பளத்தின் மேல்.

"ஆமாங்க. உங்க இடம்தான்."

"எழுந்திரு! மெஷினை வெறுமனே பார்த்துட்டிரு! என் அனுமதி இல்லாம ஒரு தையல் விழாது இங்க!"

ஆண்டுக்கணக்கில் காத்திருந்த வெற்றி அது. மைத்துனனே ஒரு கணம் அவரை மதிப்போடு நோக்கினான். மனைவி மறுபேச்சு இல்லாமல் எழுந்தாள். ஸ்டூலைக் கையில் எடுத்துக்கொண்டாள். கதவைத் தாண்டி வெளியே போய் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நியாயம்தான். நீங்க சொன்னா சரி. தம்பி, நீ வாடா, டீ போடுறேன். உனக்கு என் மூலையில நடக்க அனுமதி உண்டு."

"எனக்கு?" என்றார் வாத்தியார்.

"உங்களுக்கு எதுக்கு? உங்க இடத்துலதானே இருக்கீங்க."

இருவரும் படியிறங்கும் ஓசை கேட்டது. பிறகு கீழே கோப்பைகள் கலகலத்தன. வாத்தியார் நூற்றைம்பது சதுர அடியின் நடுவே நின்றார். வாசலுக்கும் கம்பளத்தின் ஓரத்துக்கும் இடையே அவள் மண், ஏறக்குறைய மூன்றடி. வரும்போது நினைவின்றி அதை மிதித்தே வந்திருந்தார். இப்போதும் நடந்துபோயிருக்கலாம். யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் தம் கையால் எழுதிய விதியைத் தாமே மிதிப்பதா? முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவரைக் கோட்டுக்கு வெளியே எழுதாதே என்று கண்டித்தவரா?

வயது ஐம்பத்தெட்டு. எடை எண்பத்தெட்டு. வேட்டியை மடித்துக் கட்டினார். கம்பளத்தின் மறுமுனை வரை பின்னால் போனார். ஓடிவந்தார். தாண்டினார்.

வாசலைத் தொட்டது உண்மை. ஆனால் ஒரு கால் மட்டும். மற்றொரு கால் கதவின் விளிம்பில் மடங்கியது. கீழே இருந்தவர்களுக்கு வீடே அதிர்ந்ததாகத் தோன்றியதாம்.

மாலையில் வாத்தியார் சாய்வு நாற்காலியில் கிடந்தார். கணுக்கால் பூசணி அளவுக்கு வீங்கியிருந்தது. மனைவி ஈரத்துணியைச் சுற்றி அதன்மேல் பனிக்கட்டியை வைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் உண்மையான கவலை. அவர் அதைக் கவனித்தார். நமக்கு இதுதான் நேரம் என்று எண்ணினார்.

"இங்க பாரு. ஒண்ணு கேக்கிறேன், மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"வலிக்குதா?"

"வலிக்குது. அது வேற விஷயம். எனக்கு ஒரு மூலை குடு."

"மூலையா?"

"ஒண்ணே ஒண்ணு. துணி அடுக்கு இருக்கே, அந்த மூலை. ரெண்டு பக்கமும் சுவர். அலமாரி அடிச்சுக்குவேன், ஒரு பலகை போட்டு எழுதிக்குவேன்."

"அதுக்குப் பதிலா?"

"கம்பளம். முழுசும் நீயே எடுத்துக்கோ."

மனைவி கையிலிருந்த பனிக்கட்டியை உற்றுப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"அத்தனை பெரிய இடத்தை வச்சு நான் என்னங்க செய்யப் போறேன்? நல்ல மூலையைப் போய்க் கேக்குறீங்களே."

"துணி விரிச்சு வெட்டிக்கலாமே! பெரிய திரைச்சீலையெல்லாம்! கட்டில் மேல வச்சு வெட்டி எத்தனை நாள் கஷ்டப்பட்டே!" வாத்தியார் தம் வாதத்தின் வலுவில் தாமே கிளர்ச்சியுற்றார். "ஒரு மேசை போட்டுக்கோ, நடுவுல! மச்சானே செஞ்சு குடுப்பான்."

"நீங்க இவ்வளவு சொல்றதால..." என்று அவள் அரை மனதோடு இழுத்தாள்.

அரை மனதோடுதான் கையெழுத்தும் போட்டாள். கதவு வழியாக வந்துபோக அவருக்கு நிரந்தர அனுமதியையும் வாத்தியார் வாதாடி வாங்கிச் சேர்த்துக்கொண்டார். விளக்கின் சுவிட்சை அவரே போட்டுக்கொள்ளும் உரிமையும் கிடைத்தது. விடவில்லை அவர்.

கால் வீக்கம் வடிந்த ஒரு முற்பகலில் வாத்தியார் தம் மூலைக்குக் குடிபுகுந்தார். பத்துச் சதுர அடி, கொசுறு கொஞ்சம். நான்கு அலமாரிகளில் ஒன்று நின்றது. மற்ற மூன்றும் கீழே கூடத்தில் படுத்துக்கொண்டன. இரண்டு பக்கமும் சுவர், நெஞ்சுக்கு நேரே பலகை. சுவரைப் பார்த்து அமர்ந்து பேனாவைத் திறந்தார். எண்ணெய்க் கறை பட்ட பழைய தாள்களை ஒதுக்கிவிட்டுப் புதிதாக "அத்தியாயம் ஒன்று" என்று எழுதி அடிக்கோடிட்டார். முதுகுக்குப் பின்னால் விசாலமான மேசையில் கத்திரிக்கோல் சரசரவென்று ஓடியது. சன்னல் திறந்திருந்தது. காற்று வந்தது. அவருடைய மூலை வரை அது வரவில்லை. ஆனாலும் இது என்னுடைய இடம் என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார். முதல் வாக்கியம் நாக்கின் நுனிக்கு வந்தேவிட்டது.

"என்னங்க, பக்கத்துலயேதானே இருக்கீங்க. எனக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியல, இந்த ஊசில நூல் கோத்துக் குடுங்களேன்."

கணக்கு வாத்தியார் பேனாவை மூடினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நூல் முனையை நாக்கில் தொட்டுக் கூராக்கத் தொடங்கினார்.